குத்துச்சண்டைக்காரரின் உடம்பு ஏன் மாறியது? ஓர் எளிய விளக்கம்

குன்னூரில் டிசம்பர் மாதக் காலை ஆறு மணிக்கு வாயைத் திறந்தால் புகை வரும். அப்படி ஒரு காலையில், ஓடி முடித்து எங்கள் குத்துச்சண்டைப் பயிற்சி ஷெட்டுக்குள் வந்த பையன் ஒருவன் தன் போனை என்னிடம் நீட்டினான். திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். இடப்பக்கம் ராக்கி மார்சியானோ, 1952 முதல் 1956 வரை உலக ஹெவிவெயிட் (மிகக் கனமான எடைப் பிரிவு) சாம்பியன். தடித்த தொடை, அகன்ற இடுப்பு, உருண்டையான தோள். வலப்பக்கம் இந்தக் காலத்து வீரர் ஒருவர். வயிறு கட்டம் கட்டமாக இருக்கிறது, கையில் நரம்பு புடைத்து நிற்கிறது. "மாஸ்டர், நிஜமாவே இவரை ஒருத்தராலயும் ஜெயிக்க முடியலையா?" என்று இடப்பக்கத்தைக் காட்டிக் கேட்டான்.

ஆமாம். 49 போட்டி, 49 வெற்றி. அதில் 43 நாக் அவுட்.

இந்த மாதிரிப் படங்களுக்குக் கீழே எப்போதும் இரண்டு கட்சி உண்டு. "அந்தக் காலத்தில் உடற்பயிற்சி அறிவே இல்லை, இன்றைய ஆள் ஒரே ரவுண்டில் முடித்துவிடுவார்" என்பது ஒரு கட்சி. "அந்தக் காலத்து ஆட்கள் இரும்பு, இப்போது எல்லாம் வெறும் ஷோ" என்பது இன்னொன்று. இரண்டு கட்சியும் உடம்பின் தோற்றத்தை வைத்தே தீர்ப்புச் சொல்கிறது. எத்தனை நேரம் ரிங்கில் நிற்க வேண்டும், எதையெல்லாம் செய்யலாம், எடை எப்போது போடுவார்கள் என்ற விதிகள்தான் குத்துச்சண்டைக்காரரின் உடம்பைப் பெரும்பாலும் செதுக்குகின்றன. விதி மாறிய ஒவ்வொரு முறையும் உடம்பும் மாறியது. அது எப்படி என்று அடிப்படையில் இருந்து பார்க்கலாம்.

உடம்பு வேலையைப் பார்த்து வளரும்

நம் மலையிலும் அடிவாரத்திலுமாக மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவர். மேட்டுப்பாளையம் மண்டியில் உருளைக்கிழங்கு மூட்டையை லாரிக்கும் கிட்டங்கிக்கும் நடுவே சுமக்கிற அண்ணன் ஒருவர். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தநாடு மந்து என்ற தோடர் குடியிருப்பில், பண்டிகை நாளில் இளவட்டக்கல்லை ஒரே மூச்சில் தோளுக்கு ஏற்றுகிற தோடர் இளைஞர் ஒருவர். மூவருமே பலசாலிகள்தான். ஆனால் வேலையை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், மூவருமே திணறுவார்கள். கல் தூக்குகிறவருக்கு அந்தச் சரிவு மதியத்துக்குள் காலை வாங்கிவிடும். கொழுந்து பறிக்கிற அக்காவால் அந்தக் கல்லை அசைக்க முடியாது.

பயிற்சி அறிவியலில் இதற்கு 'ஸ்பெசிஃபிசிட்டி' என்று பெயர். எந்த வேலையைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறோமோ, அந்த வேலைக்குத்தான் உடம்பு தயாராகும் என்பது அதன் பொருள். குத்துச்சண்டை என்ற பெயர் இருநூறு வருடமாக ஒன்றுதான். அந்தப் பெயரில் செய்யப்பட்ட வேலை மட்டும் பலமுறை மாறிவிட்டது.

கையுறை இல்லாத காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை வெறும் கையால்தான் சண்டை. எதிராளியை இடுப்பில் பிடித்துத் தூக்கிப் போடலாம். ஒருவர் கீழே விழும்போதுதான் ரவுண்டு முடியும், அது பத்து நொடியாகவும் இருக்கலாம், பத்து நிமிடமாகவும் இருக்கலாம். வெறும் கையால் மண்டையில் குத்தினால் உடைவது பெரும்பாலும் நம் விரல் எலும்புதான். அதனால் தலைக்குக் குத்துவதில் நிதானம் இருந்தது. பழைய படங்களில் உடலைப் பின்னால் சாய்த்து, கையைத் தாழ்வாக முன்னே நீட்டி நிற்கிறார்களே, அது அந்த விதிகளுக்குப் பொருத்தமான நிலை.

கையுறை இல்லாமல் நடந்த கடைசி ஹெவிவெயிட் பட்டப் போட்டி 1889 ஜூலை 8-ம் தேதி, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில். ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் கொளுத்துகிற வெயிலில் 75 ரவுண்டு மோதினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சல்லிவனைத் தயார் செய்தவர் வில்லியம் மல்டூன் என்ற மல்யுத்த வீரர் என்பதிலேயே அந்தச் சண்டை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். தன் பண்ணைக்கு அழைத்துப் போய், குடியை நிறுத்தி, நடக்கவிட்டு, மல்யுத்தம் செய்யவிட்டு, கயிறு தாண்டவிட்டு, கனமான பந்தை எறியவிட்டு எடையைக் குறைத்தார்.

மலையில் ஏறி இறங்கிப் பயிற்சி எடுப்பதும் அப்போதே உண்டு. 1811-ல் டாம் கிரிப் என்ற ஆங்கிலேயச் சாம்பியனை, பார்க்லே என்ற நடைவீரர் ஸ்காட்லாந்துக்கு அழைத்துப் போய், குன்றும் மேடுமாக வாரக்கணக்கில் நடக்க வைத்து 15 கிலோவுக்கு மேல் இளைக்க வைத்தார். கிரிப் ஜெயித்தார்.

1867-ல் வெளியான க்வீன்ஸ்பெரி விதிகள்தான் இன்றைய குத்துச்சண்டைக்கு அடித்தளம். மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு, கையுறை கட்டாயம், பிடித்துத் தூக்கிப் போடுவதற்குத் தடை, விழுந்தவருக்குப் பத்து எண்ணிக்கை. தூக்கிப் போட முடியாது என்றானதும் மல்யுத்த வீரரைப் போன்ற கனத்த முதுகுக்கு மதிப்புக் குறைந்து, காலின் வேகத்துக்கு மதிப்புக் கூடியது. 1892-ல் அதே சல்லிவனைக் கையுறைப் போட்டியில் ஜிம் கார்பெட் நகர்ந்து நகர்ந்தே களைக்க வைத்து 21-வது ரவுண்டில் வீழ்த்தினார். 1897-ல் கார்பெட்டை வீழ்த்திய பாப் ஃபிட்ஸிம்மன்ஸின் எடை சுமார் 76 கிலோதான். கொல்லுப்பட்டறையில் வேலை பார்த்தவர். கால் ஒல்லி, தோள் மட்டும் அகலம்.

சுருக்கமாக: வெறும் கைச் சண்டைக்கு மல்யுத்த உடம்பு தேவைப்பட்டது. கையுறையும் கடிகாரமும் வந்த பிறகு, நகரத் தெரிந்த உடம்பு மேலே வந்தது.

சீகைக் கட்டையும் கற்பூர இலையும்

இனி உடம்புக்குள் போகலாம். நீலகிரியில் விறகடுப்பு எரித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். காய்ந்த கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையை அடுப்பில் போட்டால் குபீரென்று தீ எழும்பும், கண்மூடித் திறப்பதற்குள் அடங்கிவிடும். சீகை (வாட்டில்) மரக் கட்டை பிடிக்க நேரமாகும், பிடித்துவிட்டால் ராத்திரி முழுக்கக் கணகணவென்று எரியும்.

நம் தசைகளுக்கும் இப்படி இரண்டு வகை எரிப்பு உண்டு. ஆக்சிஜனுக்குக் காத்திராமல் சட்டென்று ஆற்றல் எடுப்பது 'அனேரோபிக்' முறை. அதுதான் கற்பூர இலை. முழு வேகத்தில் விடுகிற நாலைந்து குத்து இதில்தான் வரும், ஆனால் முழு வேகத்தில் போனால் சில நொடிகளிலேயே வேகம் இறங்க ஆரம்பிக்கும், ஒன்றிரண்டு நிமிடத்தில் ஓய்ந்துவிடும். மூச்சில் வரும் ஆக்சிஜனைப் பயன்படுத்தி நிதானமாக ஆற்றல் எடுப்பது 'ஏரோபிக்' முறை. அதுதான் சீகைக் கட்டை.

பலரும் தவறாக நினைப்பது இந்த இடத்தில்தான். குத்து என்பது வெடிக்கிற வேலை, அதனால் அனேரோபிக் மட்டும் போதும் என்று நினைக்கிறார்கள். குத்து முடிந்த பிறகு, அடுத்த குத்துக்கான கற்பூர இலையை மறுபடி காய வைத்துத் தருவது சீகைக் கட்டையின் சூடு. இரண்டு தாக்குதலுக்கு நடுவிலும், ரவுண்டுக்கு நடுவே ஸ்டூலில் உட்காரும் அந்த ஒரு நிமிடத்திலும், உடம்பை மீட்டுத் தருவது ஏரோபிக் முறைதான். முதல் ரவுண்டில் புலியாக இருந்தவர் ஐந்தாவது ரவுண்டில் கையைத் தூக்க முடியாமல் நிற்கிறார் என்றால், பெரும்பாலும் அவர் அடுப்பில் கட்டை போதவில்லை என்று அர்த்தம்.

இப்போது மார்சியானோவைப் பாருங்கள். அவர் காலத்தில் பட்டப் போட்டி 15 ரவுண்டு, அதாவது 45 நிமிடச் சண்டை. அவருடைய பயிற்சியில் நீண்ட தூர ஓட்டமும் நடையும்தான் முதுகெலும்பு. அதோடு பை குத்துவது, கயிறு தாண்டுவது, ஸ்பாரிங் என்ற பழகுச் சண்டை. பெரிய தசை என்பது சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்தாளி மாதிரி, அதற்கும் ரத்தமும் ஆக்சிஜனும் கொடுத்தாக வேண்டும். 45 நிமிடம் ஓட வேண்டிய வண்டியில் வேண்டாத சுமையை யார் ஏற்றுவார்கள்?

குத்து எங்கிருந்து வருகிறது

"சரி மாஸ்டர், அப்புறம் 43 பேரை எப்படி விழ வைத்தார்?" என்பது பையனின் அடுத்த கேள்வி. விறகு பிளப்பதைக் கவனியுங்கள். புதிதாகக் கோடாலி பிடிக்கிறவர் கையால் ஓங்கி அடிப்பார், கட்டையில் கீறல்தான் விழும். பழகியவர் குதிகாலை ஊன்றி, இடுப்பைச் சுழற்றி, உடம்பு எடை முழுவதையும் கோடாலி நுனியில் இறக்குவார். குத்தும் அப்படித்தான். தரையை உதைக்கும் கால், அங்கிருந்து இடுப்பு, முதுகு, தோள், கடைசியாக முஷ்டி என்று விசை ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகிறது. இதை 'விசைச் சங்கிலி' என்பார்கள். புஜத்தின் சுற்றளவு அந்தச் சங்கிலியில் ஒரு சின்னக் கண்ணி. படத்தைப் பார்த்துச் சிலர் கேலி செய்யும் அந்தத் தடித்த தொடையும் அகன்ற இடுப்பும்தான் மார்சியானோவின் ஆயுதக் கிடங்கு. பழைய வீரர்கள் பயிற்சியில் விறகு பிளந்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

இன்னொன்றும் உண்டு. அப்போது போட்டியே பயிற்சியாக இருந்தது. ஹாரி க்ரெப் என்ற அமெரிக்க வீரர் 1919 என்ற ஒரே ஆண்டில் 45 முறை ரிங்கில் ஏறினார். இன்றைய சாம்பியன் வருடத்துக்கு ஒன்று, இரண்டு போட்டிதான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று மாத 'கேம்ப்', அதாவது போட்டிக்கென்றே ஒதுங்கி எடுக்கும் பயிற்சிக் காலம். வாரத்துக்கு ஒன்று என்று சண்டை போடுகிற உடம்பும், ஒரே ஒரு நாளுக்காகத் தீட்டப்பட்ட உடம்பும் படத்தில் ஒரே மாதிரி இருக்காது.

எடை தூக்குவது எப்போது வந்தது

எடை தூக்கினால் தசை இறுகி, கை வேகம் போய்விடும் என்ற நம்பிக்கை 1970கள் வரை பயிற்சிக்கூடங்களில் ஆழமாக இருந்தது. முகம்மது அலியின் உடம்பும் பளுதூக்கி வந்ததில்லை. 1980-ல் அவர் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அதைப் பற்றி இன்றும் பேசுகிற பெரியவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் மனதில் குத்துச்சண்டைக்காரர் என்றால் அந்த வழவழப்பான உடம்புதான்.

1985-ல் மைக்கேல் ஸ்பிங்க்ஸ் அந்த நம்பிக்கையை அசைத்தார். 79 கிலோ பிரிவின் சாம்பியனாக இருந்தவர், மேக்கி ஷில்ஸ்டோன் என்ற உடற்பயிற்சி நிபுணர் உதவியோடு எடைப் பயிற்சியும் உணவுத் திட்டமும் வைத்து 90 கிலோவுக்கு வந்து, ஹெவிவெயிட் சாம்பியன் லாரி ஹோம்ஸை வென்றார். 1990-ல் இவாண்டர் ஹோலிஃபீல்ட், மிஸ்டர் ஒலிம்பியா என்ற உடற்கட்டுப் பட்டத்தை மொத்தம் எட்டு முறை வென்ற லீ ஹேனியிடம் பயிற்சி எடுத்து ஹெவிவெயிட் பட்டத்தைப் பிடித்தார். அதற்குப் பிறகு பளு இல்லாத பயிற்சிக்கூடமே அரிதாகிவிட்டது.

பளு தூக்கினால் தசை பெருத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஏற்கெனவே இருக்கிற தசையில் அதிக நார்களை ஒரே நேரத்தில் வேலைக்கு இழுக்க நரம்புகள் பழகுவதாலேயே பலம் கூடும். இது 'நரம்புத் தகவமைப்பு'. குத்துச்சண்டைக்காரருக்கு வேண்டியது பெரும்பாலும் இதுதான், ஏனென்றால் எடைப் பிரிவைத் தாண்டாமல் பலம் கிடைக்கிறது. ஊக்க மருந்துகளும் இந்தக் காலகட்டத்தின் ஒரு பகுதி என்பதை மறைக்க வேண்டியதில்லை. தோற்றத்தை மட்டும் வைத்து யாரையும் சந்தேகிக்கக் கூடாது, ஆனால் சின்னப் பையன்கள் போனில் பார்க்கிற எல்லா உடம்பும் சோற்றாலும் உழைப்பாலும் மட்டுமே வந்தது என்று நம்பி ஏமாறவும் கூடாது.

ரவுண்டும் குறைந்தது. 1982 நவம்பரில் அமெரிக்க வீரர் ரே மன்சினியுடன் மோதிய தென்கொரியாவின் கிம் டுக்-கூ, 14-வது ரவுண்டில் விழுந்து, நாலு நாளில் இறந்துபோனார். 23 வயதுப் பையன். அதைத் தொடர்ந்து பட்டப் போட்டிகள் படிப்படியாக 12 ரவுண்டாகின. 45 நிமிடம் 36 நிமிடமானதும் கொஞ்சம் கூடுதல் தசையைச் சுமக்க இடம் கிடைத்தது.

இதுவரை பார்த்தது: நீண்ட சண்டை வேண்டாத சுமை இல்லாத, களைக்காத உடம்பைக் கேட்டது. சண்டை சுருங்கியதும், எடைப் பயிற்சி பற்றிய பயம் போனதும் ஒரே காலத்தில் நடந்தன. படத்தில் தெரியும் வித்தியாசத்தில் பாதி இதனால்தான். மீதிப் பாதி தராசில் இருக்கிறது.

தராசும் வாட்டிய இலையும்

தேயிலை ஃபாக்டரிக்குள் போனவர்களுக்குத் தெரியும், பறித்து வந்த கொழுந்தை உடனே அரைக்க மாட்டார்கள். நீளமான தொட்டிகளில் பரப்பி, காற்று விட்டு, மணிக்கணக்கில் வாட்டுவார்கள். இலை அதே இலைதான், தண்ணீர் மட்டும் போகிறது. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும் என்றால் இலையில் எவ்வளவு தண்ணீர் என்று பாருங்கள். மழை நாளில் ஈர இலையைக் கொண்டுபோனால் எடையில் கழிவு பிடிப்பார்கள். தராசுக்கு இலையும் தெரியாது, தண்ணீரும் தெரியாது.

மனித உடம்பிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான். குத்துச்சண்டையில் எடைப் பிரிவு உண்டு, லைட்வெயிட் என்றால் 61.2 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. முன்பெல்லாம் போட்டி நாளன்றே எடை போடுவார்கள். தண்ணீரைக் குறைத்துவிட்டு வந்தால் சில மணி நேரத்தில் சண்டை, திரும்பக் குடித்துத் தேற நேரமில்லை. 1980களில் இருந்து தொழில்முறைப் போட்டிகளில் முந்தைய நாளே எடை போடும் வழக்கம் வந்தது. நல்ல நோக்கத்தோடு வந்த மாற்றம். ஆனால் வீரர்கள் கண்டுபிடித்த வழி வேறு. உப்பைக் குறைத்து, தண்ணீரை நிறுத்தி, வெந்நீர்க் குளியலில் வியர்த்து, வாட்டிய இலையாகத் தராசில் ஏறுவது. இறங்கிய நிமிடமே குடிக்கவும் சாப்பிடவும் ஆரம்பித்து, மறுநாள் பல கிலோ கூடுதலாக ரிங்குக்கு வருவது. இதைத்தான் 'வெயிட் கட்' என்கிறார்கள். ஐ.பி.எஃப். என்ற உலக அமைப்பு தன் பட்டப் போட்டிகளில், போட்டி நாள் காலையில் இரண்டாம் முறை எடை பார்த்து, 10 பவுண்டுக்கு (சுமார் நாலரை கிலோ) மேல் கூடியிருக்கக் கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது இதனால்தான்.

இணையத்தில் சுற்றுகிற 'செதுக்கிய உடம்பு' படங்களில் ஏராளமானவை அந்தத் தராசு மேடையில் எடுத்தவை. தோலுக்கடியில் தண்ணீர் வற்றியிருக்கும்போது ஒவ்வொரு நரம்பும் தெரியும். அந்த நிமிடத்தில் அவர் தன் வாழ்க்கையிலேயே பலவீனமான நிலையில் இருக்கக்கூடும்.

அமெச்சூர் போட்டிகளில் சண்டை நாள் காலையில்தான் எடை. அங்கே விளிம்பில் விளையாடுவது எவ்வளவு கொடுமை என்று 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நாடே பார்த்தது. மல்யுத்தம் என்றாலும் கதை ஒன்றுதான். இரவெல்லாம் பாடுபட்டும் வினேஷ் போகத், இறுதிப் போட்டி நாள் காலையில் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி இழந்தார்.

எங்கள் பையன் ஒருவனும் ஒரு மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் யாரிடமும் சொல்லாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காமல், ரெயின்கோட் போட்டு ஓடினான். எடை சரியாக வந்தது. முதல் ரவுண்டிலேயே கால் பின்னியது. ஓரத்தில் உட்கார வைத்தபோது உதடு வெடித்திருந்தது, நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பேச்சு வரவில்லை. நான் முன்பே கவனித்திருக்க வேண்டும். உடம்பு எடையில் இரண்டு சதவீதம் தண்ணீராகப் போனாலே தாங்குதிறன் இறங்கும், இன்னும் போனால் வியர்வை குறைந்து உடம்பு கொதிக்கும், தலையில் விழும் அடியும் கூடுதல் ஆபத்தாகலாம். அன்று முதல் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை எழுத ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஒரு மணி நேர ஓட்டத்தில் முக்கால் கிலோ போவதையும், தண்ணீர் குடித்ததும் அது திரும்புவதையும் பையன்கள் கண்ணால் பார்க்கிறார்கள்.

மலையில் ஓடினால் போதுமா

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் இங்கும் கடற்கரையில் இருப்பதுதான். காற்றழுத்தம் மட்டும் சென்னையில் இருப்பதில் முக்கால் பங்கு, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது குறைவு. வாரக்கணக்கில் தங்கினால் ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்களை உடம்பு அதிகமாக உருவாக்கும். கலிஃபோர்னியாவில் குத்துச்சண்டைக்காரர்கள் தேடிப்போகும் பிக் பேர் லேக் கூட ஊட்டியை விடத் தாழ்வுதான்.

ஆனால் மூன்று நாள் வந்து ஓடிவிட்டுப் போனால் களைப்புதான் மிச்சம். இன்னொரு சிக்கல், மெல்லிய காற்றில் முழு வேகப் பயிற்சி செய்ய முடியாது. அதனால்தான் உயரத்தில் தங்கி, வேகப் பயிற்சிக்குத் தாழ்வாக இறங்குவது என்ற முறை வந்தது. மலை ரயில் போகிற 46 கிலோமீட்டருக்குள் மேட்டுப்பாளையத்தின் 330 மீட்டரும் ஊட்டியின் 2,200 மீட்டரும் இருக்கிற நமக்கு, இதைவிட வாய்ப்பான இடம் எங்கே கிடைக்கும்?

பெரியவர்கள் இன்னும் பெரியவர்கள் ஆனார்கள்

மற்றப் பிரிவுகளுக்கு மேல் எல்லை உண்டு, ஹெவிவெயிட்டுக்கு இல்லை. அதனால் உயரமும் எடையும் அங்கே ஏறிக்கொண்டே போனது. மார்சியானோ சுமார் 84 கிலோ. 1974-ல் அலியும் ஃபோர்மேனும் 100 கிலோவை ஒட்டி. 2020-ல் டைசன் ஃப்யூரி 206 செ.மீ. உயரம், 124 கிலோ. ஆனாலும் 2024 டிசம்பரில் ஃப்யூரியை இரண்டாம் முறை வென்ற ஒலெக்சாண்டர் உசிக், அவரை விடச் சுமார் 25 கிலோ குறைவு. பன்னிரண்டு ரவுண்டும் கால் நிற்காமல் நகர்ந்தார். சீகைக் கட்டை அங்கும் எரிந்தது.

மார்சியானோ காலத்தில் 79.4 கிலோ என்ற லைட் ஹெவிவெயிட் எல்லையைத் தாண்டிய எல்லோரும் ஹெவிவெயிட்தான். நடுவில் இருக்கும் க்ரூஸர்வெயிட் பிரிவு 1979-ல்தான் வந்தது, இன்று அதன் எல்லை 90.7 கிலோ. இதை அந்தப் பையனிடம் சொன்னபோது, போனை வாங்கி இரண்டு படத்தையும் மறுபடி பார்த்தான்.

"அப்போ இவர் இன்னைக்கு இருந்தா, பக்கத்துல நிக்கிற ஆளோட மோதவே மாட்டார், இல்லையா மாஸ்டர்?"

"மாட்டார். வேற பிரிவு."

"தண்ணி வத்த வெச்சா லைட் ஹெவிக்கே இறங்கிடுவாரு" என்றான், நோட்டில் தன் எடையை எழுதிக்கொண்டே.